இந்தூரின் எருக்குழிகள்

ரத்லாமிலிருந்து இந்தூர் செல்லும் புகைவண்டி மாளவத்தின் கரிசல் வெளியினூடே செல்கின்றது. கோவில்பட்டிச் சீமையைக் கண்டவர்கள் இம்மண்ணோடு உடனே உறவு கொண்டாடுவர். இந்தூருக்கு வரும் நம்மவர் பெரும்பாலும் ராஜவாடா அரண்மனையையும், சராஃபா கடைத்தெருவின் பலகாரங்களையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். நாம் காணவேண்டிய இடம் இன்னொன்றும் அங்குண்டு. அஃது இன்று வேளாண்மைக் கல்லூரி விளங்கும் பண்ணை நிலமாகும்.

1924ஆம் ஆண்டில் இங்குத் தாவர ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைந்தது. 1905இலேயே பீகாரிலுள்ள பூசாவுக்குப் பணியேற்று வந்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கில அறிஞர் 1931 வரை இதன் தலைவராயிருந்தார். இந்திய உழவர்க்குக் கற்பிக்க வந்தவர், அவ்வுழவரிடமே தாம் பாடங்கற்றதாகப் பின்னர் எழுதினார். அவரும் யஷ்வந்த் வாட் என்பவரும் கண்ட எருவாக்கும் முறை, ‘இந்தூர் முறை’ என்று உலகெங்கும் பெயர் பெற்றது. 1935இல் இந்தி இலக்கிய மாநாட்டின் பொருட்டு இந்தூர் வந்த காந்தியடிகள் இந்நிலையத்தையும் பார்வையிட்டார்.

அம்முறையில் மந்திரம் ஏதுமில்லை. எளிதில் மட்காத பருத்தி மாரை வண்டிப்பாதையில் பரப்பினர்; போகும் வண்டிகளின் சக்கரங்களே அதனை நசுக்கித் தந்தன. பின் அது மாடுகளுக்குப் படுக்கையாயிற்று. இலைதழையும் சருகும் ஓர் அடுக்கு, சாணமும் மூத்திரம் ஊறிய தொழுவத்து மண்ணும் ஓர் அடுக்கு, மேலே சிறிது அடுப்புச்சாம்பல் என ஆழமற்ற குழியில் இட்டு நீர் தெளித்தனர். குழியின் உட்புறம் கை பொறுக்காத அளவு சூடேறும். இடையிடையே மூன்று முறை புரட்டிவிட, ஏறக்குறைய மூன்று திங்களில் கறுத்த, உதிர்கின்ற, நாற்றமற்ற எரு கிடைக்கும். காற்றும் ஈரமும் அளவோடிருந்தால் நுண்ணுயிர்கள் தம் வேலையைச் செய்யும். நீர் மிகுந்து காற்றுப் புகாவிடில் குழி நாறும்.

நாங்கூழ் எனப்படும் மண்புழுவின் வழி வேறு. சூடேறிய குழியில் அதனை விட்டால் மடிந்துபோம். சூடு தணிந்து பாதி மட்கிய குப்பையே அதற்கு ஏற்ற உணவு. அது தின்று கழிக்கும் எச்சம் தேயிலைத் தூள் போன்றிருக்கும். அதிலுள்ள சத்துக்கள் வேர்கள் எளிதில் ஏற்கும் நிலையிலிருப்பதோடு, நுண்ணுயிர்களும் மிகுதி. 1881இலேயே மண்புழுவைப் பற்றித் தனி நூல் எழுதியவர் டார்வின்.

இவ்வெருக்களால் செடிக்கு என்ன நன்மை? கெட்டிப்பட்ட களிமண் பொலபொலப்பாகும். மணற்பாங்கான மண்ணில் ஈரம் தங்கும். வேர் தடையின்றி ஓடும். எனினும் எச்சம் முழுவதையும் தொட்டியில் நிரப்புதல் வேண்டா. தொட்டி மண்ணில் பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை கலப்பதே பெரிதும் பயன் தருவதாகவும், அதனினும் மிகுந்தால் சில செடிகளின் வளர்ச்சி குன்றுவதாகவும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சரிவர மட்காத குப்பையோ, தான் மட்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொண்டு நாற்றை வெளுக்கச் செய்யும். காய்கறியின் சுவை கூடும் என்பாரும் உளர். ஆயினும் சுவை விதையின் வகையையும் பறிக்கும் பருவத்தையும் பொறுத்ததுமாகும்.

நம் குவார்ட்டர்ஸ் வாசலில் செங்கற்தூளும் கருங்கல் சில்லுமே மண் என்று கிடந்தன. வடக்கத்திக் குளிரில் இலை உதிர்க்கும் கறிவேப்பிலைச் செடிக்கு அது போதுமோ? சமையலறைத் தோலும் வேப்பஞ்சருகும் சாணமும் சேர்த்து மட்கவைத்து, பின் புழுவை விட்டோம். புளியும் உப்பும் எண்ணெயும் கலந்த குழம்பு மிச்சத்தை மட்டும் இடுவதில்லை. புழுவுக்கு அவை ஆகா. தை கழிந்து வெயில் ஏறியதும் செடி தளிர்த்தது. இப்போது பக்கத்து வீட்டாரும் வந்து ஈர்க்குப் பறித்துச் செல்கின்றனர்.

ஆயினும் நண்பர்கள் கேட்பதுண்டு: “மாற்றல் உத்தரவு எந்நாளும் வரலாம். வீடும் சர்க்காருடையது, மண்ணும் சர்க்காருடையது. யாரோ உண்ணப்போகும் கீரைக்கு நீர் ஏன் எருச் சுமக்க வேண்டும்?” கேள்வி நியாயமானதே. பிறந்த ஊரில் நிலமில்லாமலும், பிழைக்கும் ஊரில் நிலையில்லாமலும் வாழ்கின்ற நம்மவர் பலரின் கேள்வியும் இதுவே. ஹோவர்ட் 1931இல் இந்தூரை விட்டுச் சென்றார். அவர் முறையோ நின்றது. அதே இந்தூரில் இன்று வீடுதோறும் ஈரக்குப்பையைத் தனியே பிரித்து வாங்குகின்றனர். நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையிலிருந்து எரிவாயுவும் எருவும் ஆக்கவல்ல ஆலை ஒன்று 2022 பிப்ரவரியில் அங்குத் திறக்கப்பட்டது.

நாம் புகுந்த வீட்டில் முன்பிருந்த எவரோ வைத்த முருங்கையின் காயை நாம் உண்கின்றோம். அவர் பெயரும் நமக்குத் தெரியாது. அடுத்து வருபவருக்கு ஒரு முழ ஆழம் நல்ல மண்ணை விட்டுச் செல்வது அக்கடனைத் தீர்க்கும் வழி. குப்பைக்கு விலையில்லை, புழுவுக்குக் கூலியில்லை. இக்கார்த்திகையிலேயே அன்பர்கள் ஒரு சிறு குழி தோண்டத் தொடங்கினால், மாசியில் விதை ஊன்ற எரு ஆயத்தமாயிருக்கும்.