முன் அனுபவம்

அண்ணன் மகன் தன் பயோடேட்டாவைக் கொண்டுவந்து நீட்டினான். பி.காம்., மதிப்பெண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. 'முன் அனுபவம்' என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு.

1482 வாக்கில் மிலான் பிரபுவிடம் வேலை கேட்டு லியொனார்டோ டாவின்சி தயாரித்த கடிதத்தில், பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன் என்றெல்லாம் அடுக்கினார். (செய்து பார்த்திருந்தாரோ, என்னவோ!) சித்திரம் வரைவதைக் கடைசியில்தான் சொன்னார்.

இவனோ, அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் மளிகைக் கடையைத் தனியாக நடத்தியவன். மொத்த வியாபாரியிடம் தவணை கேட்டு நின்றவன். அண்ணி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"அது நம்ம கடைதானே, சித்தப்பா!" என்றான்.

நாவல் எழுதுகிறேன் என்று அந்த இரண்டு வருஷமும் நான் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோட்டின்மேலேயே எழுதப் பேனாவைத் திறந்தேன்.

"காலையில் எத்தனை மணிக்குக் கடை திறப்பாய்?"

"அஞ்சுக்கு" என்றான்.