நிழலைப் பிடிக்கும் கருவி

கேமரா என்னும் சொல்லே அரபியிலிருந்து பிறந்ததென நம் மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. அது சரியன்று; அறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அது. நமக்குரிய பெருமை சொல்லில் இல்லை, செயலில் இருக்கிறது. 965இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம், கிரகணத்தின் வடிவம் பற்றித் தனி நூலே எழுதினார். சிறு துளைவழிப் புகும் ஒளி பிறைவடிவச் சூரியனை எதிர்ப்புறத்தில் எவ்வாறு வரைகிறது, துளை பெரிதானால் அவ்வுரு ஏன் கெடுகிறது என்பதை அதில் ஆராய்ந்தார். இதற்கு அவருக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

நம் கரிசல் சீமையிலும் இக்காட்சி நிகழ்ந்தது. 2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ வேளையை ஒட்டி வளையக் கிரகணம். வேப்பமரத்தடியில் இலைகளின் இடுக்குதோறும் ஒளி நுழைந்து தரையெங்கும் வளையங்களாய்க் கிடந்தது. காசு செலவில்லாத ஆயிரம் கேமராக்கள்!

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர். தீப்பெட்டி ஆலைக் கூலியில் ஓடும் குடும்பம். "ஹஜ்ரத், கைப்பேசியில் எடுப்பதெல்லாம் படமா? உம்மாவின் கம்மலை அடகு வைத்தாவது பெரிய கேமரா வாங்கலாமென்றிருக்கிறேன்" என்றார். வட்டியின் மார்க்க நிலையை அவரே அறிவார். படமெடுப்பது ஆகுமா என்ற பழைய வினாவுக்கும், அது நிழலைச் சிறைப்படுத்துவதே என எகிப்தின் முஃப்தியாயிருந்த முஹம்மது பகீத் எழுதியது எனக்குப் போதும். எனவே கருவியைப் பற்றியே பேசினேன்.

முதலில் கழுகுமலைக்குப் போகச் சொன்னேன். அங்குள்ள சமணச் சிற்பங்களை உச்சி வெயிலில் எடுத்தால், இலட்ச ரூபாய்க் கருவியும் அவற்றைத் தட்டைப் பாறையாகவே காட்டும். ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும் பொழுதிலோ, கைப்பேசியே முகத்தின் மேடுபள்ளங்களை எடுத்துக் காட்டிவிடும்.

ஆயினும் கருவி ஒரு பொருட்டே இல்லையென்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. கோவில்பட்டி ஹாக்கி ஊர். மாலை மங்கும் வேளையில் விரையும் பந்தைக் கைப்பேசியில் பிடிக்க முயன்றவருக்கு மிஞ்சுவது ஒரு வெள்ளைக் கீற்று. வல்லநாட்டு வெளிமானும் நம்மை அருகில் விடாது. அங்கெல்லாம் தொலைவை இழுக்கும் லென்ஸ் வேண்டும். அதன் விலையும் அவ்வாறே தொலைவில் நிற்கும். முகங்களையும் வீட்டின் உட்புறத்தையும் எடுப்பவருக்கு 50 மி.மீ., எஃப் 1.8 என்னும் எளிய லென்ஸ் போதும். எஃப் 5.6இல் நுழையும் ஒளியைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் அதில் நுழையும். பழைய கேமராவில் பொருத்தினாலும் அவ்வொளி குறையாது.

"தம்பி, நீர் எதை எடுக்க விரும்புகிறீர்?" என்றேன். உம்மாவோடு அமர்ந்து பெட்டியில் குச்சி அடைக்கும் பெண்களின் கைகளை என்றார். அதற்குச் சன்னல் வெளிச்சமும் கையிலுள்ள கைப்பேசியும் போதும். ஓராண்டு எடுத்த பின்னும் குறை தெரிந்தால், சேமித்து, கைமாறிய கேமரா ஒன்றை அந்த லென்சோடு வாங்கலாம் என்றேன்.

அவர் முழுமனத்தோடு ஒப்பவில்லை. "நிக்காஹ் வீட்டில் கைப்பேசியோடு நின்றால் யார் ஹஜ்ரத் கூப்பிடுவார்கள்?" என்றார். கேள்வி நியாயமானதே. கூலிக்கு எடுப்பவருக்குக் கருவி முதலீடு. அதன் விலையை அதன் வருவாயே அடைக்க வேண்டும். அவருக்கோ இன்னும் முதல் அழைப்பே வரவில்லை.