வலைமுகவரியின் எழுத்ததிகாரம்

மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் எவை, ஈற்றில் நிற்பவை எவை என்று ஆண்டுதோறும் மாணவருக்குப் பட்டியலிட்டுச் சொல்வது நம் தொழில். கணினிப் பெயர்களுக்கும் அப்படியோர் எழுத்ததிகாரம் இருப்பதை, துறைக்கென ஓர் இணையத்தளம் அமைக்க முற்பட்டபோதுதான் ஊன்றிப் படித்தோம். 'தமிழ்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுவது எப்படி? ழகரத்துக்கு 'இசட் எச்' இடுவதா, 'எல்' போதுமா என்பதிலேயே ஒரு மாலைப்பொழுது கழிந்தது.

விதிகள் சூத்திரம்போலச் சுருக்கமானவை. ஆங்கில எழுத்து 26, எண் 10, சிறுகோடு ஒன்று, அவ்வளவே. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேற்றுமை இல்லை. சிறுகோடு முதலிலும் வாராது, ஈற்றிலும் வாராது. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதி 63 எழுத்தைத் தாண்டலாகாது. பெயர் எண்ணில் தொடங்கலாகாது என்றது 1985-ஆம் ஆண்டு விதி. 1989-இல் அதைத் தளர்த்தினார்கள். புறனடை இல்லாத இலக்கணம் ஏது!

தமிழ் முதலிய மொழிகளுக்கு 2003-இல் வழி பிறந்தது. பெயரை 'பியூனிகோட்' என்னும் முறையால் ஆங்கில எழுத்தாகவும் எண்ணாகவும் மாற்றி, முன்னால் எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று அடையாளம் இடுவார்கள். பழைய விதியைத் தொடாமலே புதியவரை உள்ளே விட்ட சாமர்த்தியம் அது. '.இந்தியா' என்னும் ஈற்றுப்பெயர் நமக்கு நான்கெழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடு. பியூனிகோடில் அடையாளத்தோடு 17 எழுத்து. '.சிங்கப்பூர்' என்பதோ 6, 11, 22 என்று வளர்கிறது.

நான்கு ஏழானது எங்ஙனம்? தொல்காப்பியர்க்கு மெய்யே அடிப்படை. அகரம் ஏறினால் உயிர்மெய். யூனிகோடில் இது தலைகீழ். அகரமேறிய 'ந' ஒரு குறியீடு. புள்ளி வைத்து 'ந்' ஆக்க இன்னொன்று வேண்டும். அரை மாத்திரைக்கு இரட்டை விலை! நமக்கு இது இன்றும் உறுத்தலே. 2010-இல் வந்த திருத்த விதிகள், தனிப்புள்ளியும் துணைக்காலும் பெயருக்கு முதலாகா என்கின்றன. அதுவரை மகிழ்ச்சி. ஆயினும் 'ப்ரியா' என்று மெய் முதலாக வந்தால் அவை தடுப்பதில்லை. வகுப்பில் நாம் தடுப்போம்.

2007 அக்டோபரில் 11 சோதனை ஈற்றுப்பெயர்களை இணையத்தின் வேர்ப்பட்டியலில் சேர்த்தபோது தமிழும் இடம்பெற்றது. முகவரி 'உதாரணம்.பரிட்சை'. 'ரீ' என நெடில் வரவேண்டிய இடத்தில் குறில்! பரீட்சைக்கே பிழையா என்று சிரிக்கலாம். கணினிக்கோ குறிலும் நெடிலும் இரு வேறு பெயர்கள். கருணை மதிப்பெண் கிடையாது. 2013-இல் அச்சோதனைப் பெயர்களை நீக்கிவிட்டார்கள்.

நம்மை அஞ்சவைப்பது வேறொன்று. 'மௌனம்' என்று ஔகாரக் குறியிட்டும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து 'மெளனம்' என்றும் எழுதலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. கணினிக்கு இவை வெவ்வேறு பெயர்கள். முன்னதை ஒரு பத்திரிகையும் பின்னதை ஒரு மோசடிக்காரரும் பதிவு செய்துகொண்டால், வாசகர் எதைக்கொண்டு பிரித்தறிவார்? நம் மாணவர் தட்டச்சிட்டுத் தரும் கட்டுரைகளில் பலவற்றிலும் காணப்படுவது இரண்டாம் வகை 'மெளன'மே.