குழாய் செட்டின் குரல்

"லோடு குடுக்காம வால்வு செட்ட ஆன் பண்ணிராதீங்க தம்பி. டிரான்ஸ்பார்மர் போயிரும்."

அண்ணாச்சி வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான். பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த கிடார்க்காரத் தம்பி கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து லோடு பாக்ஸை எடுத்து நீட்டினார். ஸ்பீக்கர் இருக்கவேண்டிய இடத்தில் ஆம்பிளிஃபையரின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி அது. அண்ணாச்சி அதைப் புரட்டிப் பின்பக்கம் எழுதியிருந்த ஓம் கணக்கைப் படித்தார். எட்டு ஓம். "சரி, எட்டுலயே மாட்டுங்க. நூறு வோல்ட் லைன் பக்கம் கையக் கொண்டு போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு, செட்டின் மேல்மூடியைத் தானே கழற்றினார்.

சேரன்மகாதேவியைத் தாண்டி, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற ஊர். வீட்டு முன்னறைதான் பட்டறை. சீரியல் பல்புச் சரங்கள், டியூப்லைட் கட்டைகள், சுருட்டி வைத்த வயர்கள், அவற்றுக்கு மேலே பரணில் வரிசையாகக் கவிழ்த்து வைத்த அலுமினியக் குழாய்கள். கூம்பு ஒலிபெருக்கி என்று அரசாணையில் எழுதுவார்கள். ஊரில் அது குழாய். மைக்கும் ஆம்பிளிஃபையரும் சேர்ந்தால் குழாய் செட்டு, ரேடியோ செட்டு. கோயில் கொடை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தாமிரபரணிக் கரை ஊர்களில் ஒரு காலத்தில் முதலில் பேசி முடிப்பது பந்தலையும் ரேடியோ செட்டையும்தான்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கிடார் வாசிப்பவர், மற்ற நாட்களில் மெல்லிசைக் குழுவோடு போகிறவர். கிடார் ஆம்பிளிஃபையர்களின் குரலைக் கணினியில் பிடித்து வைப்பதில் அவருக்குத் தீராத ஆசை. அந்தத் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு ஒரு குழாய் செட்டைத் தேடி வந்திருந்தார். கூடவே நானும்.

கிடார்க்காரர்களுக்கு இந்தத் தேவை எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். எலெக்ட்ரிக் கிடாரின் குரலில் பாதிக்கு மேல் கிடாருக்கு வெளியேதான் உருவாகிறது. வால்வு ஆம்பிளிஃபையரைத் தாங்க முடியாத அளவுக்கு முடுக்கும்போது ஒலி அலையின் தலை நசுங்குகிறது. அந்த நசுங்கலில் புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன. அதற்குப்பின் மரப்பெட்டியில் பொருத்திய ஸ்பீக்கர், 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதையெல்லாம் பெரும்பாலும் வெட்டிவிட்டு, மிச்சத்தை உருட்டித் தருகிறது. இவ்வளவு கனமான பெட்டியை ஊர் ஊராகத் தூக்க முடியாது. வீட்டில் அவ்வளவு சத்தம் வைக்கவும் முடியாது. 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' என்ற சிறிய கருவி இந்தக் குரல்களைக் கணக்கால் போலச் செய்து காட்டியது. பிறகு ஜெர்மனியின் கெம்பர் இன்னொரு வழியைத் திறந்தது: பொதுவான மாதிரியை விட்டுவிட்டு, நம் முன்னால் இருக்கிற அந்த ஒரு பெட்டியை அளந்து நகலெடுப்பது. இப்போது ஸ்டீவன் அட்கின்சன் எழுதி இலவசமாக விட்டிருக்கும் 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்ற மென்பொருள் இருந்தால், பாளையங்கோட்டை மாடி அறையிலேயே அதைச் செய்துவிடலாம்.

வேலை இரண்டாகப் பிரிகிறது. ஸ்பீக்கர் பெட்டி ஏறக்குறைய நேர்கோட்டில் நடந்துகொள்ளும் பொருள். மெதுவாகக் கொடுத்தாலும் பலமாகக் கொடுத்தாலும் அதன் குணம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் ஒரே ஒரு தட்டலுக்கு அது எப்படி அதிர்ந்து அடங்குகிறது என்று பதிவு செய்தால் போதும். ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அதன் குணம் முழுவதும் அடங்கிவிடும். ஆம்பிளிஃபையர் அப்படியல்ல. மெல்லத் தொட்டால் ஒரு முகம், ஓங்கினால் வேறு முகம். அதற்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரு சோதனை ஒலியை உள்ளே விட்டு, வெளியே வருவதைப் பிடித்து, உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள உறவை நரம்பு வலையமைப்புக்குப் பழக்க வேண்டும். பழக்கி முடித்தபின் கிடைக்கும் கோப்பு ஒரு மெகாபைட் கூட இருக்காது.

தம்பி எதற்காகக் குழாய் செட்டைத் தேடினார்? கிடார் ஆம்பிளிஃபையரும் குழாய் செட்டும் ஒரே குடும்பம். 1960-களில் லண்டனில் ஜிம் மார்ஷல் செய்த கிடார் ஆம்பிளிஃபையரும், அதே காலத்தில் நம்மூர்ப் பொதுக்கூட்டங்களில் கத்திய ஆம்பிளிஃபையரும் ஒரே வகை வால்வுகளையும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் நம்பியவை. மார்ஷல் நிறுவனமே மேடைப்பேச்சு, பாட்டுக்கான ஆம்பிளிஃபையர்களையும் விற்றது. இங்கே 1940-இல் டெல்லியில் தொடங்கிய அஹுஜா. அதற்கும் மூத்தது சிகாகோ ரேடியோ. காந்தியும் நேருவும் பேசும் பழைய புகைப்படங்களில் மைக்கின்மேல் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அண்ணாச்சியின் செட்டில் கம்பெனிப் பெயர்ப்பலகை எப்போதோ விழுந்துவிட்டது. உள்ளே இரண்டு பெரிய வால்வுகள், முன்னால் விரல் பருமனில் பெங்களூர் பெல் நிறுவனத்தின் ஈசிசி83 வால்வு. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் சுற்றுக்குமேல் மெழுகுத்துணி புதிதாக இருந்தது. "அது நான் சுத்துனது. பழசு ஒரு கொடையில எரிஞ்சு போச்சு. சுத்து ரெண்டு கூட விட்டிருக்கேன், குரல் கொஞ்சம் கனிஞ்சு வரும்" என்றார்.

கனிவு என்ற சொல்லை அவர் அடிக்கடி பயன்படுத்தினார். கரண்ட் 230 வோல்ட் முழுதாக வந்தால் செட்டு வெறிக்கும், 200-க்குக் கீழே இறங்கினால் கனியும் என்பது அவர் கணக்கு. அதற்காகவே மூலையில், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ஒரு டிம்மர்ஸ்டாட் வைத்திருக்கிறார். தம்பிக்குக் கண் விரிந்துவிட்டது. ராக் கிடார் கலைஞர் எடி வான் ஹேலன் 1970-களில் தன் மார்ஷலுக்கு இதே கருவியை மாட்டி வோல்டேஜைக் குறைத்துத்தான் உலகமே பேசிய அந்தக் கிடார் குரலைப் பெற்றார். அண்ணாச்சிக்கு அந்தப் பெயர் தெரியாது. சாயங்காலம் ஊரெல்லாம் பல்பு எரியும்போது வோல்டேஜ் இறங்கி, செட்டின் குரல் மாறுவதைக் கேட்டுக் கேட்டே அவர் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றையே கண்டுபிடித்தவர்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

பதிவு தொடங்கியது. வால்யூம் திருகில் அண்ணாச்சி சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிடிப்பது இந்த ஒரு நிலையை மட்டும்தான், திருகை நகர்த்தினால் இன்னொரு முறை பிடிக்க வேண்டும். முதலில் லோடு பாக்ஸ் வழியாக ஆம்பிளிஃபையர் மட்டும். அடுத்தது குழாய். முற்றத்தில் பழைய நாற்காலியின்மேல் அதை மல்லாத்தி வைத்து, வாய்க்கு ஒரு சாண் தள்ளி மைக்கை நிறுத்தினார்கள். சோதனை ஒலியின் கீச்சும் இரைச்சலும் தெருவெங்கும் போக, பக்கத்து வீட்டு ஆச்சி வந்து, "என்னலே, செட்டு கெட்டுப்போச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

குழாயின் பின்னால் இருக்கும் யூனிட்டை அண்ணாச்சி எனக்காகக் கழற்றிக் காட்டினார். உள்ளங்கையில் அடங்கும் கெட்டித்துணி டயாப்ரம். அதன் விளிம்பில் முடியளவு கம்பியில் சுற்றிய காயில். அந்தச் சிறிய தகட்டின் அசைவைக் குழாய் தன் மடிப்புகள் வழியே அகலமாக்கி வெளியே தள்ளுகிறது. வாய் எவ்வளவு அகலமோ அந்த அளவுக்குத்தான் கீழ்ச்சுரம் வரும். சாதாரணக் குழாயில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் சரியாக நிற்காது. மேலே 5,000 அல்லது 6,000 ஹெர்ட்ஸோடு அடங்கிவிடும். மனிதக் குரலின் சொற்கள் தெளிவது இந்த இடைவெளியில்தான். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டும், சீர்காழி கோவிந்தராஜனின் உச்சக்குரலும், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் குழாயில் ஏன் அப்படி எடுபட்டன என்பதற்கு இதுவே காரணம். தவிலின் தொப்பிப் பக்கம் குழாயில் காணாமல் போகும். வலந்தலை மட்டும் துல்லியமாகக் கேட்கும். காருகுறிச்சி இங்கிருந்து கூப்பிடு தூரம்.

கோப்பு தயாரானதும் தம்பி கிடாரை மாட்டி வாசித்துக் காட்டினார். சேர்த்து மீட்டிய நரம்புகள் குழம்பின. ஒற்றை நரம்பில் இழுத்த கமகங்கள் மட்டும் நாகஸ்வரம் பக்கத்தில் வந்து நின்றதுபோல் மூக்கொலியோடு எழுந்தன. அசலுக்கும் நகலுக்கும் இடையிலான பிழை அளவு 0.01-க்குக் கீழே வந்திருந்தது. நல்ல பதிவு என்று இந்தத் துறையில் சொல்லும் எல்லை அது. அடுத்து ஒரு பழைய அம்மன் பாட்டை அதே கோப்பின் வழியே செலுத்தி, ஹெட்போனை அண்ணாச்சியிடம் கொடுத்தார். பாட்டு முடியும்வரை அவர் பேசவில்லை.

"யூனிட்டு சரியா வந்திருக்கு. என் செட்டேதான். ஆனா தம்பி, இது குழாய்க்கு முன்னால நின்னு கேக்க மாரி இருக்கு. குழாய முன்னால நின்னு யாரு கேப்பா?"

அந்த ஒரு கேள்வியால் மறுநாள் வேலையே மாறிவிட்டது. குழாயின் ஒலி என்று நம் மனதில் இருப்பது, வயல் தாண்டி வரும் ஒலி. சுடலைமாடன் கோயில் முன்னால் ஒன்று, ஊர் வாசலில் ஒன்று என்று குழாய் கட்டுவார்கள். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். அதனால் தள்ளி நிற்பவருக்கு ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். அதிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேல்காற்று சூடாகவும் இருக்க, மேலே போகும் ஒலி வளைந்து மறுபடி தரைக்கே வரும். பக்கத்து ஊர்க் கொடைப்பாட்டு விடியலில் நம் திண்ணையில் கேட்பது இதனால்தான்.

காலை ஆறு மணி தாண்டட்டும் என்று காத்திருந்தோம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. உச்ச நீதிமன்றமும் 2005 ஜூலை 18 தீர்ப்பில் அதை அழுத்திச் சொன்னது. அதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் படுக்கையில் கிடக்கும் முதியவரும் கொடைக்காக மூன்று இரவு தூங்காமல் இருக்க வேண்டியதில்லை. கூம்புக் குழாய்களை இறக்கச் சொல்லிப் போலீஸ் வருவதும் நியாயம்தான். ஆனால் இறக்கிய குழாய் அலுமினிய எடைக்குப் போகும்போது, அதோடு சேர்ந்து ஒரு ஒலியும் போகிறது. அதை யாராவது பிடித்து வைத்தாக வேண்டும்.

குழாயை மொட்டைமாடியில் ஏற்றி, மைக்கோடு நாங்கள் நடவு முடிந்த வயல்களின் வரப்பில் நடந்தோம். இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆஞ்செலோ ஃபரினா 2000-இல் முன்வைத்த முறை இது: அடியிலிருந்து உச்சிவரை சீராக ஏறும் ஒரே இழுப்பை ஒலிக்கவிட்டுப் பதிவு செய்து, கணக்கால் அதைச் சுருக்கினால் அந்த இடத்தின் எதிரொலிப்பு கிடைக்கும். அறைக்குள்ளும் கோயில் மண்டபத்துக்குள்ளும் இது பிசகாது. வயல்வெளியில் பிசகியது. ஒவ்வொரு இழுப்பும் ஒவ்வொரு விதமாக வந்தது. காற்று திரும்பும்போது நடுவில் ஒரு பகுதியே அமுங்கியது. பலவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் மேல்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மங்கின. ஒலி போகும் வழி மாறாமல் நிற்கும் என்ற அனுமானத்தில் எழுந்த முறை அது. காற்று நிற்கவில்லை. அண்ணாச்சி சொல்வதுபோல், தூரத்துக் குழாய் 'சுருண்டு சுருண்டு' வரும். அந்தச் சுருளை ஒற்றைக் கணத்தில் உறைய வைத்துவிட்டால் குழாய் வயலைத் தாண்டி வந்தது என்று எவரும் நம்பமாட்டார்.

தம்பி எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது. எந்த இழுப்பையும் சராசரியாக்காமல் தனித்தனியே வைத்துக்கொண்டார். பாட்டு ஓடும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல நழுவும்படி கணினியில் ஏற்பாடு செய்யப்போவதாகச் சொன்னார்.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. இந்தப் பகுதியின் கதைப்பாடல்களும் சடங்குகளும் படிப்பாகிவிட்டன. வில்லுப்பாட்டின் கதை பதிவாகிறது, கணியான் கூத்தின் மகுட அடி பதிவாகிறது. அவற்றை ஊருக்குக் கொண்டுசேர்த்த செட்டுக்காரர் எங்கும் பதிவாகவில்லை. வில்லுப்பாட்டுப் புலவர் குரல் ஊருக்கு எப்படிக் கேட்டது என்பதைத் தீர்மானித்தவர் அவர். டிரான்ஸ்பார்மரில் கூடுதலாக இரண்டு சுற்று விட்டவர், டயாப்ரம் மாற்றியவர், வோல்டேஜைக் கையால் இறக்கியவர். தம்பியின் கோப்பில் இருப்பது எந்தக் கம்பெனியின் குரலும் அல்ல, இந்தக் கைகளின் குரல்.

கோப்போடு சேர்க்கும் குறிப்பில் பிடித்தவர் பெயர், கருவியின் நிறுவனம், மாடல் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. செட்டைப் பழுது பார்த்துக் குரல் கொடுத்தவருக்குக் கட்டம் இல்லை. நிறுவனம் என்ற கட்டத்தில் அண்ணாச்சியின் பெயரையே போடச் சொன்னேன். தம்பி உடனே ஒப்புக்கொண்டார். அண்ணாச்சி யோசித்தார். "பத்திரிகையில எம்பேரு வேண்டாம் சார், குழாய் வச்சிருக்கான்னு ஸ்டேஷன்லருந்து வந்துருவாவ. ஃபைல்ல போடுங்க. எனக்குக் காயில் சுத்தக் கத்துக்குடுத்தது வீரவநல்லூர்ல ஒருத்தர், அவர் பேரையும் மேல போடணும்."

அவர் சொல்லச் சொல்லத் தம்பி தட்டச்சு செய்தார்: எட்டு ஓம் டேப், வால்யூம் சாக்பீஸ் கோடு, 195 வோல்ட், துணி டயாப்ரம். எல்லாம் முடிந்ததும் அண்ணாச்சி பரணைக் காட்டினார். அங்கே இன்னொரு யூனிட் இருக்கிறது, ஈஸ்வரி பாட்டுக்கென்று தனியாக வைத்திருந்தது. காயில் விட்டுப்போயிருக்கிறது. கம்பி வாங்கித் தந்தால் ஆடிக்குள் சுற்றி முடித்துவிடுவதாகச் சொன்னார். தம்பி கம்பியின் கேஜ் எண்ணைக் குறித்துக்கொண்டார்.