விரல் கண்ட பிசகு

எட்டடி இறக்கை கொண்ட வானொலிக் கட்டுப்பாட்டு விமானமொன்றை வீட்டுக் கூடத்திலேயே கட்டத் தொடங்கினோம். பாதியில் கண்ணில் புரை படர்ந்தது. இனி நமக்கேன் இவ்வேலை என்று சலித்துப் பரண்மேல் ஏற்றிவிட்டோம்.

பின்னர்தான் அமெரிக்காவின் மேனார்ட் ஹில் பற்றிப் படித்தோம். பார்வை பெரிதும் மங்கி, செவியும் மந்தமான 77 வயது முதியவர். பால்சா மரச் சட்டங்களை விரலால் தடவியே பொருத்தி, ஆறடி இறக்கையுள்ள விமானத்தை வீட்டில் கட்டினார். எரிபொருளுடன் 5 கிலோவுக்குள் அடங்க வேண்டுமென்பது சாதனை விதி. பசை ஒரு சொட்டுக் கூடினால் எண்ணெய் ஒரு சொட்டுக் குறையுமன்றோ! முன்னர் அனுப்பியவற்றைக் கடல் கொண்டது. ஆயினும் 2003 ஆகஸ்ட் 9 அன்று, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் நின்று தம் கையாலேயே வீசினார். ஏற்றமும் இறக்கமும் வானொலி வழி. இடைவழியெல்லாம் தானியங்கிக் கருவியின் பொறுப்பு. ஏறத்தாழ 39 மணி நேரத்தில், 3,000 கிலோமீட்டர் கடந்து அயர்லாந்தில் இறங்கிற்று.

நேற்றுப் பேரனை ஏணி பிடிக்கச் சொல்லி, நம் இறக்கையை இறக்கினோம். கண்ணை மூடித் தடவினோம். மூன்றாம் விலாச்சட்டம் சற்றே பிசகியிருந்தது. கண் தெளிவாயிருந்த நாளில் அது நமக்குத் தென்படவேயில்லை.