மழையில் மலைப்பாதையும் ஏ.டி. டயரும்



மழைக்காலம் வந்தால் ஏற்காட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் அதிகம் பேசுவது இரண்டைப் பற்றித்தான்: ஒன்று பிரேக், இன்னொன்று டயர். என்னிடம் இயற்பியல் படித்தவர்களில் பலர் இன்று தோட்டம், வாடகை வண்டி, காய்கறி லோடு என்று இந்த மலைப்பாதையை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறீர்கள். அதனால் டயர் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். சமீபத்தில் கேட்டவர் பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கும் மாணவர். "சார், ஏ.டி. டயர் போட்டுட்டா மழையில வழுக்காதுல்ல?" என்றார். நாலு டயருக்கும் கடன் வாங்கத் தயாராக இருந்தார். கல்லூரிக்குப் போகும் மகளும் தினமும் அதே வண்டியில்தான் சேலம் இறங்குகிறாள். அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஏ.டி. என்றால் எல்லா வகைத் தரைக்குமான டயர். அதன் பட்டன்கள் பெரியவை, இடையில் உள்ள பள்ளங்கள் அகலமானவை. சேற்றிலும் சரளையிலும் அந்தப் பட்டன்கள் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். பள்ளத்தில் அடைத்த சேறு சக்கரம் சுற்றும்போது வெளியே தெறித்துவிடும். ஹெச்.டி. என்பது தார்ச்சாலைக்கான டயர். அதில் பள்ளங்கள் குறுகலானவை, தரையைத் தொடும் ரப்பர் அதிகம்.

ஈரமான தாரில் பட்டன் எதற்குள்ளும் இறங்க முடியாது. அங்கே பிடிப்பைத் தருபவை மூன்று: தரையைத் தொடும் ரப்பரின் பரப்பு, அந்த ரப்பரின் தன்மை, பட்டன்களின் மேல் பிளேடால் கீறியதுபோல் இருக்கும் மெல்லிய கீறல்கள். அந்தக் கீறல்கள்தான் தரையோடு ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உடைக்கின்றன. சில ஏ.டி. டயர்களில் கல் கிழிக்காமல் இருக்கக் கெட்டியான ரப்பர் போடுவார்கள். கல்லுக்கு அது நல்லது, ஈரத் தாருக்கு அவ்வளவு நல்லதல்ல. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் டயர் மழையிலும் முரட்டுத்தனமாகப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பிரேக்கை முழுதாக மிதிக்கிறீர்கள். காய்ந்த தாரில் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொண்டால் வண்டி சுமார் 8 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் அது 0.4 ஆகக் குறைந்தால் 16 மீட்டர். பதினைந்துக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கும்போது 19 மீட்டர். கால் பிரேக்குக்குப் போக எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை. சேலம் பாதையில் இருப்பது 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு அந்தப் பக்கம் அரசுப் பேருந்து ஏறிவந்தால் 19 மீட்டருக்கு எங்கே போவது?

"டயர் தண்ணீரில் மிதக்கும்" என்கிறார்களே, அது வேறு விஷயம். 1963இல் அமெரிக்க நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களுக்காக ஒரு சூத்திரம் தந்தார்கள். டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் கிடைக்கும். அழுத்தம் 36 பி.எஸ்.ஐ. என்றால் ஏறக்குறைய மணிக்கு 100 கி.மீ.; 25 என்றால் 83 கி.மீ. தேய்ந்த டயருக்கு இதுதான் தோராயக் கணக்கு. மலைப்பாதையில் அந்த வேகம் யாரும் போவதில்லை, ஆனால் கீழே நான்குவழிச் சாலையில் போகிறீர்கள். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். சேற்றுக்காகக் குறைத்தாலும், தார் ஏறும் முன் திரும்பப் பிடித்துவிடுங்கள்.

இனி அந்த மாணவரின் கணக்கு. தோட்டத்து மண்பாதை போக வர 6 கி.மீ., தார்ச்சாலை 60 கி.மீ. அந்த 6 கி.மீ. செம்மண் மழையில் களியாகிவிடும், உண்மைதான். ஆனால் மண்பாதையில் சிக்கினால் போவது அரைமணி நேரம்; தள்ளிவிட நாலு பேர் வருவார்கள். பத்தாவது வளைவில் வழுக்கினால் போவதைத் திரும்பப் பெற முடியாது. எங்கே தவறினால் இழப்பு பெரிதோ, அந்த இடத்துக்குத்தான் டயர் வாங்க வேண்டும். ஆகவே அவருக்கு நல்ல ஹெச்.டி. டயர் போதும் என்றேன். வண்டியில் கயிறும் மண்வெட்டியும் கிடக்கட்டும். மாறாக, நாளில் பாதியை எஸ்டேட் பாதையில் ஓட்டும் ஜீப்காரர்களுக்கு ஏ.டி.தான் சரி. கீறல்கள் நிறைய உள்ளதாகப் பார்த்து எடுங்கள். டீசல் சற்றுக் கூடுதலாகும், சத்தமும் கேட்கும்.

எதை வாங்கினாலும் இவற்றைப் பாருங்கள்.

பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் இறுகும்.

2022இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஈரச்சாலைப் பிடிப்புக்கும் தரவரம்பு அறிவித்தது. ஏ.ஐ.எஸ். 142 என்பது அதன் பெயர். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பள்ளத்துக்குள் சிறு மேடுகள் தெரியும். ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மீதி 1.6 மி.மீ.தான், சட்டப்படி அதுவே எல்லை. மலையில் ஓட்டுபவர்கள் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுங்கள்.

பிக்கப்பில் சுமைக் குறியீடு கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது. இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியவை பின்னால் போகட்டும். லோடு இறக்கிய பிக்கப்பின் பின்பக்கம் லேசானது, மழையில் முதலில் இழுத்துக்கொண்டு போவது அதுதான்.

கடைசியாக, எந்த டயரும் கியரின் வேலையைச் செய்யாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது நம் மலைப்பாதையில் மண் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் வண்டியை எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஒரு நாள் லோடு போனால் போகட்டும்.

எல்லோரும் நலமாக ஓட்டி, நலமாக வீடு சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்