டப்பில் நீந்திய ஆறு பேர்!

வாத்துக்குஞ்சு உங்க பின்னாடியே தத்தக்கா பித்தக்கான்னு நடந்து வந்திருக்கா? வந்திருந்தா, என் நிலைமை உங்களுக்குப் புரியும். சந்தையில அதைப் பார்த்த செகண்டே நாம ஃப்ளாட்!

பொங்கல் லீவுல எங்க ஊர் சந்தைக்கு நானும் என் தம்பியும் (நாலாம் கிளாஸ், வாய் மட்டும் ப்ளஸ் டூ) கரும்பு வாங்கப் போனோம். திரும்பி வரும்போது கையில கரும்பு இல்லை. அட்டைப்பெட்டிக்குள்ள ஆறு வாத்துக்குஞ்சுங்க! ‘பொரிச்சு ஒரு நாள்தான் ஆகுதும்மா’ன்னார் வித்தவர். தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிஞ்ச வயல்ல நூத்துக்கணக்கான வாத்துங்க மேயறதை சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறவ நான். அதனால, ‘நமக்குத் தெரியாததா!’ன்னு ஒரு கெத்து. அந்தக் கெத்துதான் வில்லன்.

முட்டையிலேர்ந்து வெளியே வந்ததும் கண்ணுல படுற, நகர்ற உருவத்தை அம்மான்னு நினைச்சுக்கிட்டு குஞ்சுங்க பின்னாடியே போகும். இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணின கான்ராட் லாரன்ஸுக்கு 1973-ல நோபல் பரிசே கிடைச்சது. எங்க வீட்டுல அந்த அம்மா போஸ்ட் என் தம்பிக்கு. அவன் பாத்ரூம் போனா வாசல்ல ஆறு பேர் க்யூ!

மறுநாள் சாயங்காலம் எனக்கு ஒரு சூப்பர் ஐடியா. துணி துவைக்கிற டப்புல தண்ணி ரொப்பி, ஆறையும் விட்டு வீடியோ எடுக்கலாம்னு. ‘குளிருமேக்கா’ன்னான் தம்பி. ‘டேய், வாத்துடா அது!’ன்னு நான் அடிச்ச கவுன்ட்டருக்கு நானே சிரிச்சேன். சூப்பரா நீந்துச்சுங்க. அப்புறம் துண்டால துடைச்சு, பெட்டியில விட்டு, மேல ஒரு 9 வாட் எல்.இ.டி பல்பைத் தொங்கவிட்டுட்டுத் தூங்கிட்டேன்.

காலையில ரெண்டு குஞ்சு விறைச்சுக் கிடந்துச்சு.

நான் படிக்கிறது ட்ரிபிள் ஈ, மூணாவது வருஷம். ‘குண்டு பல்பு, வாங்குற கரன்ட்ல 90 சதவிகிதத்துக்கு மேல சூடாக்கி வீணடிக்கும், எல்.இ.டி அப்படி இல்லை’ன்னு பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கினவ. குஞ்சுக்கு வேணும்கிறதே அந்த ‘வீணாப் போற’ சூடுதான்னு மூளைக்கு எட்டவே இல்லை. தை மாசக் குளிர்ல, நனைஞ்ச உடம்போட, பளிச்னு எரியுற லைட்டுக்கு அடியில அதுங்க நடுங்கியே செத்திருக்கு.

அம்மா வாத்து இருந்தா நனைஞ்ச குஞ்சுங்க அதோட இறகுக்கு அடியில ஒண்டிக்கிட்டு காஞ்சிடும். அட்டைப்பெட்டியில யார் இருக்கா? அதனால பாஸ், மொதல் சில வாரம் நீச்சல் கிளாஸ் கட்! குடிக்கத் தண்ணி மட்டும் எப்பவும் இருக்கணும். அலகோட மூக்குத் துளையும் முங்குற ஆழம் வேணும், ஏன்னா அப்பத்தான் மூக்கைக் கழுவிக்க முடியும். ஆனா உள்ளே இறங்கிக் குளிக்கிற அளவு இருக்கக் கூடாது. கிண்ணத்துல நாலஞ்சு கூழாங்கல் போட்டுட்டேன், பிரச்னை ஓவர். இன்னொண்ணு, தண்ணி வைக்காம காஞ்ச தீவனம் மட்டும் வைக்காதீங்க. தொண்டையில அடைச்சுக்கும்.

டவுன்ல அஞ்சு கடை ஏறி இறங்கி, தூசி படிஞ்ச 60 வாட் குண்டு பல்பு ஒண்ணை வாங்கிட்டு வந்தேன். மொதல் வாரம் சுமார் 32 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைக்கணும். சென்சார் வெச்சு அளக்கலாம்னு ஒயரெல்லாம் எடுத்து வெச்சேன். எங்க அப்பாயி, ‘பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்தா குளுருது. மூலைக்கு ஓடி வாயைப் பொளந்தா வேவுது. இதுக்கு எதுக்குடி ஒயரு?’ன்னாங்க. ஒயரைச் சுருட்டி உள்ளே வெச்சேன். (பல்பை நல்லா இறுக்கிக் கட்டுங்க. அட்டையில விழுந்தா தீப்பிடிச்சுடும்.) பெட்டிக்குள்ள நியூஸ் பேப்பர் போட்டா வழுக்கி கால் அகண்டு போகும். நாங்க சாக்கு விரிச்சோம்.

மிச்சம் நாலு பேர். சோறு, பிரெட், பிஸ்கட்னு வீட்டுல ஆளாளுக்கு ஊட்டி விட்டோம். மூணாவது வாரம் அதுல சின்னது எழுந்திருக்கவே இல்லை. முட்டியைத் தேய்ச்சுத் தேய்ச்சே தண்ணிக்கு நகர்ந்துச்சு. தம்பி அழுதுக்கிட்டே கூடைக்குள்ள வெச்சுத் தூக்க, கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் காலைப் பிடிச்சுப் பார்த்துட்டுக் கேட்ட மொதல் கேள்வி, ‘என்னம்மா குடுக்கிறீங்க?’ நான் சொன்ன மெனுவைக் கேட்டு மனுஷர் தலையில கை வெச்சுட்டார். நியாசின்னு ஒரு பி வைட்டமின் இருக்கு. அது கோழிக்குஞ்சை விட வாத்துக்குஞ்சுக்கு நிறைய வேணும், கிலோ தீவனத்துக்கு சுமார் 55 மில்லிகிராம். குறைஞ்சா கால் வளையும். சோறும் பிரெட்டும் வயித்தை ரொப்புமே தவிர, காலை நிமிர்த்தாது. கோழிக் குஞ்சுத் தீவனம் வாங்கினாலும், மருந்து கலக்காததா பார்த்து வாங்கி, நியாசினைத் தனியா சேர்க்கணும். அதுக்கு ஈஸ்ட் இருக்கு, சத்து டானிக்கும் இருக்கு. அளவை டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க, நான் சொல்லி நீங்க ஊத்த வேணாம்! மொதல் மூணு வாரம் தீவனத்துல 20 சதவிகிதம் புரதம், அப்புறம் குறைச்சுக்கலாம்னார். பொடிசா நறுக்கின கீரையும் கொடுக்கலாம்.

‘வீட்டுல கடலைப் புண்ணாக்கு இருக்கு சார், போடலாமா?’ன்னு கேட்டேன். ‘பூஞ்சை பிடிச்சிருந்தா தொடவே தொடாதே’ன்னார். 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிங்க செத்துப் போச்சாம். காரணம், பூஞ்சை பிடிச்ச கடலைத் தீவனம். அதைத் துருவிப் போய்த்தான் அஃப்ளடாக்ஸின்கிற விஷத்தையே கண்டுபிடிச்சிருக்காங்க. அந்த விஷம் வாத்துக்குஞ்சுக்கு சுத்தமா ஆகாது. வீட்டுக்கு வந்ததும் புண்ணாக்கு மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தா, ஓரமெல்லாம் பச்சை. அப்படியே குழி தோண்டிப் புதைச்சோம்.

டானிக் ஆரம்பிச்சு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு சின்னது நிக்கறதுக்கு. நின்ன அன்னிக்குத் தம்பி குதிச்ச குதி இருக்கே! அன்னிக்கு ராத்திரிதான் மெதுவா கேட்டான். ‘அக்கா, அந்த ரெண்டும் நான் துண்டால சரியா துடைக்காததாலதானே செத்துச்சு?’

அன்னிக்குக் காலையில அம்மா, ‘யாருடி தண்ணில விட்டது?’ன்னு கேட்டப்போ, ‘ரெண்டு பேரும்தான்’னு நான் சொல்லியிருந்தேன். அதை அவன் மூணு வாரத்துக்கு மேல மனசுலயே வெச்சுக்கிட்டு இருந்திருக்கான். ‘குளிருமேக்கா’ன்னு சொன்னவன் அவன்தான், கேட்காதவ நான்தான்னு அப்பத்தான் வாயைத் திறந்து சொன்னேன். அவன் ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, ‘வீடியோவ அழிச்சுடு’ன்னான். அழிச்சுட்டேன்.

இப்போ நாலுக்கும் நாலு மாசம். கொல்லையில ராஜ்ஜியம் பண்ணுதுங்க. கணீர்னு கத்துறது பொட்டை, தொண்டை கட்டின மாதிரி கரகரக்கிறது சேவல்னு அப்பாயி கத்துக் கொடுத்தாங்க. அந்தக் கணக்குப்படி எங்க வீட்டுல மூணு பொட்டை. சின்னது இன்னும் லேசா விந்தி விந்திதான் நடக்குது. கத்துறதுல மட்டும் அதுதான் ஃபர்ஸ்ட்!